மாலைக்கு ஒரு வளைவு

"தலைக்கு மேல பைப்பை வளைச்சு வெச்சா அது ரேஸ் வண்டியா மேஸ்திரி? தொட்டில்."

தியோடர் சொன்னதும் அவருடைய கிளப் நண்பர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். பெங்களூர் நீலசந்திராவில் வெல்டிங் கடை வைத்திருந்த இராஜமாணிக்கம் சிரிக்கவில்லை.

கடையில் நின்ற கூரையில்லாத சிவப்புக் காரைத் தியோடர் பதினெட்டு வருஷம் பந்தயத்தில் ஓட்டியவர். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அவர் மகன் ஹெர்பர்ட் ஓட்டப் போகிறான். போன வருஷம் அதே பந்தயத்தில் இப்படியொரு வண்டி குப்புறக் கவிழ்ந்தது. ஓட்டியவன் எழுந்திருக்கவில்லை. அவனை வெளியே எடுக்க அந்த வண்டியை அறுத்தது இராஜமாணிக்கம்தான். கவிழ்ந்தாலும் தலையைக் காக்க ஒரு பைப் வளைவு வேண்டும் என்று அதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. கடையில் நிற்கும் எல்லா வண்டிக்கும் மாலை உண்டு. இந்த வண்டியில் மாலை தொங்கவிட இடமே இல்லை, சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு வைக்கட்டுமா, பூஜைக்கு மட்டும்தான் என்று கேட்டார் இராஜமாணிக்கம். தியோடர் முனகிக்கொண்டே சரி என்றார்.

வைத்து முடித்ததும் தியோடர் வந்து நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"மாலை தொங்க இவ்ளோ கனமான பைப்பா?"

"சாமந்தி சார். தண்ணி தெளிச்சா பாரம் ஏறும்."

"சனிக்கிழமை அறுத்துடணும். ஆய்த்தா?" என்று கன்னடத்தில் உறுதி கேட்டார்.

சனிக்கிழமை தியோடர் முதல் ஆளாக வந்து கடைக்குள் ஒரு சுற்று சுற்றினார். நண்பர்கள் பிறகு வந்தார்கள். அவர்கள் எதிரில், அறுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அறுக்கும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று இராஜமாணிக்கம் சொல்லிப் பார்த்தார். நண்பர்களில் ஒருவர் மூலையில் சீல் உடைக்காமல் நின்ற சிலிண்டரைக் காட்டினார். வேறு வழியில்லாமல் சிலிண்டரைத் திறக்கும் சாவிக்காக, அது தொங்கும் ஆணியைத் தடவினார் இராஜமாணிக்கம்.

ஆணி காலியாக இருந்தது. அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. அந்த யோசனை வந்திருந்தால் முதலிலேயே செய்திருப்பார். மேசைக்கு அடியிலும் டப்பாக்களிலும் தேடினார். கிடைக்கவில்லை.

ரம்பத்தால் அறுத்தால் என்ன என்றார் நண்பர்.

"அறுத்து முடிக்க இருட்டிடும். நாலு மணிக்கு வண்டியை பந்தயக்காரங்ககிட்ட ஒப்படைக்கணும்," என்று தியோடர் எரிந்து விழுந்தார். "ஒரு சாவியை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, இவரு மேஸ்திரியாம். இருந்து தொலையட்டும், எடுங்க வண்டியை."

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில், ஒரு திருப்பத்தில் வண்டி தலைகீழாகப் புரண்டது. பைப் தரையில் உரசித் தீப்பொறி பறக்க, வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஹெர்பர்ட் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை தியோடர் தனியாகக் கடைக்கு வந்தார்.

"பைப் கொஞ்சம் நசுங்கிப் போச்சு மேஸ்திரி. இதைவிடக் கனமா ஒண்ணு போடு. இனிமே மாலை கதையெல்லாம் வேணாம்."

சொல்லிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து சிலிண்டர் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.