நாற்பதாவது படலம்

"கை நடுங்கித்துன்னா எல்லாம் போச்சு, லாசர்" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் வெங்கடராமன்.

லாசரின் கை நடுங்கவில்லை. விளிம்புவரை தண்ணீர் நின்ற தொட்டியில் கண்ணாடித் தகட்டை மெல்ல இறக்கினான். மெல்ல ஏற்றினான்.

தண்ணீர்மேல் ஒரு சொட்டுக் கொழுப்பமிலம் கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் பரவியிருந்தது. தகடு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். நாற்பது சேர்ந்தால் நிறம் தெரியும்.

பம்பாய் மாட்டுங்காவின் அந்த ஆய்வுக்கூடத்தில் நாற்பதை யாரும் எட்டியதில்லை. தகட்டில் துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் படலம் ஒட்டாது. அதனால் முதலில் அதை இரும்பு இடுக்கியால் கொதிநீரில் பிடித்திருக்க வேண்டும். கை சுடாமலிருக்க இடுக்கியில் துணி சுற்றினால் துணியின் பசை வந்துவிடும். சூடு பொறுக்காமல் எல்லோரும் பாதியில் எடுத்துவிடுவார்கள். லாசர் மட்டும் வெங்கடராமன் "போதும்" என்று சொல்லும்வரை பிடித்திருப்பான்.

"அது கையா வே, இன்னொரு இடுக்கியா?" என்றான் கூட வேலை பார்க்கும் பிச்சையா.

"பழகிட்டு வே." லாசரின் புறங்கையில் காசளவு தேமல்போல வெளுத்திருந்தது. கேட்டால் ஆசிட் தெறித்தது என்பான்.

நாற்பது வந்தால் வேலை பெர்மனன்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதிலிருந்து நாலு வருஷமாக டெம்பரரி. பெர்மனன்ட் ஆனால் செம்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மனைவி சேசம்மாளுக்குத் தாராவிக் குழாயடிச் சண்டை ஓயும்.

முப்பத்தொன்பது. நாற்பது. தகடு ஊதாவாக மின்னியது.

வெங்கடராமன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இந்தா, பெர்மனன்ட். நாளைக்குக் காலம்பற டாக்டரைப் பாத்துட்டா முடிஞ்சுது."

"டாக்டர் கையெல்லாம் பாப்பாரா சார்?"

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாப்பார். உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே."

லாசர் கடிதத்தைப் படித்தான். அதை மடித்து மேசைமேல் வைத்தான்.

"நான் டெம்பரரியாவே இருந்துக்கிடுதேன் சார்."

"ஏ, கிறுக்கா புடிச்சிருக்கு ஒமக்கு?" என்றான் பிச்சையா.

வெங்கடராமனுக்கும் புரியவில்லை. "நாலு வருஷமா இதைத்தானே கேட்டுண்டிருந்தே!"

லாசர் தன் வலது கையைப் பார்த்தான், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோல.

"இந்தக் கைக்குச் சூடு தெரிஞ்சு ஒரு வருசமாச்சு சார்."