பாஸான பெட்டி

எக்ஸ்ரேயை விட்டு விட்டு அடித்து, எலக்ட்ரானிக் போர்டு தாங்குமா என்று பார்க்கும் கோவைச் சோதனைக்கூடம் அது. பாஸாக வேண்டுமென்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். கொடுமுடித் தம்பிதுரை மட்டும் தலைகீழாகப் பேரம் பேசினார்.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் கூட்டி அடிங்க. கெட்டுப்போகோணும்."

"ஆறாவது தடவைங்க! நீங்க கொண்டாந்த பெட்டி அசையவே மாட்டேங்குது" என்று சிரித்தான், சோதனை செய்த ஜெஃபின்.

"கடைசியா ஒருக்கா, கண்ணு."

உச்ச அளவில் அடித்தான். பெட்டியிலிருந்து வந்த சிக்னல் சீராகவே ஓடியது.

"பாஸுங்க! உங்க கம்பெனிக்கு இனிக் கவலையில்லை."

தம்பிதுரை பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கம்பெனி ஏதுங்க? இதுக்குள்ள இருக்கறது, எரிக்கறதுக்கு முன்னாடி எங்க ஊட்டுக்காரி நெஞ்சுல இருந்து எடுத்த பேஸ்மேக்கருங்க. கேன்சருக்குக் கரண்ட் வைக்கோணும்னு, இதே மாதிரி எக்ஸ்ரே அடிக்கோணும்னு டாக்டர் சொன்னாரு. இது நின்னுபோயிரும்னு பயந்து, நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."