மூணாவது மாடியில சத்தம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் போன் வந்தது.

"சார், மூணாவது மாடி வங்கி அதிகாரி வீட்டுல ஒரே சத்தம். பாத்திரம் உருளுது, கதவு இடிபடுது. பக்கத்துல பிள்ளைங்க படிக்க முடியல" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது ஒரு பெண் குரல்.

சத்தம் என்றால் செயலாளருக்குப் பொறுக்காது. பொருளாளரையும் காவலாளியையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார்.

கதவைத் திறந்த அதிகாரியிடம், "நாலு பேர் குடியிருக்கிற இடம் சார். இன்னொரு தடவை புகார் வந்தா பொதுக்குழுவுல வச்சிடுவேன்" என்றார் கறாராக.

"சாரி சார், இனிமே கேட்காது" என்று அசடு வழிந்தபடி உள்ளே போனார் அதிகாரி.

வந்த வேலை முடிந்த திருப்தியோடு செயலாளர் திரும்பியபோது, அதிகாரியின் மனைவி மெல்ல வெளியே வந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. யாராவது போன் பண்ணினா நாங்க வந்துதானே ஆகணும்?"

"பண்ணினது நான்தான் சார்."

செயலாளர் திகைத்தார்.

"அடிக்கிறார்னு போன மாசம் உங்க வாசல்ல வந்து அழுதேன். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல சங்கம் தலையிடாதுன்னு அனுப்பிட்டீங்க. சத்தம்னு சொன்னா வருவீங்கன்னு தோணுச்சு."

பொருளாளர் தரையைப் பார்த்தார்.

"உள்ள போய் உனக்கு வேண்டியதை எடுத்துட்டு வாம்மா" என்றார் செயலாளர். "கீழ என் வீட்டுக்காரி இருக்கா. நீ வர்ற வரைக்கும் நாங்க மூணு பேரும் இங்கேயே நிக்கிறோம்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். செயலாளர் கதவைச் சாத்தவிடாமல் கை வைத்துக்கொண்டார்.