பொருத்துமுன் உரிக்கவும்

தம்பிக்கு அக்கா தன் கையாலேயே பாகங்களைப் பொருத்திக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டரின் பிராசசர், போட்ட பத்தாவது நிமிடத்தில் தொண்ணூற்றைந்து டிகிரி காட்டியது. அதன் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலரைக் கழற்றிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. ‘பொருத்துமுன் உரிக்கவும்’ என்று சிவப்பில் எழுதியே இருந்தது. பன்னிரண்டு வருட மெக்கானிக்குக்கு இது மானம் போகிற தப்பு. உரித்து அவன் மேசை விளிம்பில் ஒட்டிவிட்டு, கூலரை மாட்டினாள். சூடு நாற்பதுக்கு இறங்கியது.

மறுநாள் தம்பி போன் செய்தான். “அக்கா, மறுபடியும் தொண்ணூத்தஞ்சு.”

அவன் வீட்டுக்குப் போய்க் கழற்றினாள். கூலரின் அடியில் தாள் இருந்தது. மேசை விளிம்பில் நேற்றைய தாளும் இருந்தது.

“நீ திறந்தியா?”

“ரெண்டு நாளா காய்ச்சல்ல சுருண்டு கிடக்கேன். என்னைப் போய்க் கேக்கிறியே!”

இரண்டாவதையும் உரித்துவிட்டுக் கூலரை மாட்டினாள். திரையில் நாற்பது வந்தது.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன். சூடு இறங்கவே மாட்டேங்குது.”

அவன் பிடரியில் கை வைத்தாள். கொதித்தது. முடிக்குக் கீழே மெல்லிய விளிம்பு ஒன்று நகத்தில் தட்டியது. முடியை விலக்கினாள். சிவப்பு எழுத்து தெரிந்தது.

“என்னக்கா பாக்கிற?”

“ஒண்ணுமில்ல. அசையாம இரு,” என்றாள். “வலிச்சா சொல்லு.”