ஞாயிற்றுக்கிழமை விரால்

"அவரு எங்கண்ணா உக்காருவாரு?"

மண்ணூர் ஏரிக்கரையில் நின்று செந்தாமரை கேட்டாள். ஒரு கையில் கணவனின் தூண்டில் ராடு. இன்னொரு கையில் அவனுடைய பிளாஸ்டிக் பெட்டி.

தணிகாசலம் சுற்றும் முற்றும் பார்த்தான். மதகை ஒட்டி ஒரு கல் கிடந்தது. அதைக் காட்டினான்.

அவள் கல்லைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். துடைத்ததைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் கணவன் தமிழ்வாணன் ஒருநாள்கூட இந்த ஏரிக்கு வந்ததில்லை.

தணிகாசலத்துக்கும் அவனுக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். கார் சீட்டுக்கு உறை மாட்டும் வேலை. பார்த்தால் சிரிப்பான், டீ குடிக்கக் கூப்பிடுவான். பழக்கம் அவ்வளவுதான். போன மாதம் ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி அவன் பைக்கை இழுத்துக்கொண்டு போனது. தணிகாசலமும் மாலை வாங்கிக்கொண்டு போய், பந்தல் ஓரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இவள் போன் பண்ணினாள். "மூணு வருசமா வாரா வாரம் உங்ககூடத்தானே மீன் புடிக்க வருவாரு. அந்த எடத்த ஒருவாட்டி பாக்கணும்ண்ணா."

மூன்று வருஷமாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறான் என்பது தணிகாசலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுப்பதற்குள் வாய் 'வாம்மா' என்று சொல்லிவிட்டது.

செத்தவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? போய்ச் சேர்ந்தவன் நல்லவனாகவே போகட்டும். இந்தப் பெண்ணுக்கு மிச்சமிருப்பது அந்த நினைப்பு ஒன்றுதான், அதையும் பிடுங்குவது பாவம் என்று நினைத்தான்.

பெட்டியைத் திறந்தான்.

பச்சை, மஞ்சள், கறுப்பு என்று, விராலுக்கு இரையாக வீசும் ரப்பர் தவளைகள். ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இல்லை. விரால் ஒருமுறை கவ்வினாலே ரப்பர் கிழிய ஆரம்பித்துவிடும். ரீலில் தூண்டில் நரம்பு, கடைக்காரன் சுற்றிக்கொடுத்த மினுமினுப்பு போகாமல் இருந்தது.

அவள் கவனிப்பதற்குள் ஒரு தவளையை எடுத்து நரம்பில் முடிச்சுப் போட்டான்.

"எப்பிடிப் புடிப்பாருன்னு காட்டுங்களேன்."

வானம் மூட்டமாக இருந்தது. அக்கரையில் கம்பெனிச் சுவர் நீளத்துக்குப் போனது. காற்றில்லாத, வெயிலில்லாத இந்த மாதிரி காலைக்காக அவன் வாரம் முழுக்க ஏங்குவான். இன்றைக்குத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீசினான். தவளை ஓர் அல்லி இலைமேல் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அப்படியே விட்டான். பிறகு ராடு நுனியை லேசாகச் சுண்டினான். தவளை ஒரு தத்து தத்தியது. மறுபடி விட்டான். இன்னொரு சுண்டு. இலை ஓரத்திலிருந்து அது தானாக நழுவி விழுவதுபோல விழ வேண்டும். அவசரக்காரனுக்கு விரால் சிக்காது.

"தமிழு இதுல கில்லாடிம்மா. அவ்ளோ பொறும. உன்னப் பத்தியேதான் பேசிக்கினு இருப்பான்."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலையடியில் தண்ணீர் 'பளார்' என்று வெடித்தது.

உடனே இழுத்தால் போச்சு. அது கவ்விக்கொண்டு திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ராடை ஒரே வெட்டாக வெட்டி இழுத்தான். ராடு வளைந்தது, ரீல் கத்தியது, மீன் கொடிக்குள் புகப் பார்த்தது. தணிகாசலம் அத்தனையையும் மறந்தான். செத்தவனை மறந்தான், கல்லில் உட்கார்ந்திருப்பவளை மறந்தான். முழங்கை நீள விராலைக் கரையில் போட்டபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு. அவளைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

செந்தாமரை எழுந்து வந்தாள். அவன் தூண்டில் முள்ளைக் கழற்றியதும் மீனை வாங்கினாள். சமையலறையில் பழகிய பிடி, வழுக்கவிடவில்லை. கட்டைவிரலால் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். மேல்தாடையில் முள் குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தது.

"முள்ளு ஏறினா இப்பிடித்தான் இருக்குமாண்ணா?"

"பின்ன? தூண்டில்ல மாட்ற மீனு எதுவா இருந்தாலும் வாயில ஓட்ட வுழாம வராதும்மா." மீன் விஷயம் என்றால் அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

அவள் அந்த ஓட்டையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணு வருசமா நாந்தாண்ணா மீன ஆஞ்சு கழுவுவேன். அவரு கொண்டாந்ததுல ஒரு மீனுக்குக்கூட வாயில காயம் இல்ல."

தணிகாசலம் குனிந்து தவளையை நரம்பிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தான்.

"வெலைக்கு வாங்கிக்கினு வராருன்னு தெரியும். எங்க போயிட்டு வராருன்னுதான் தெரியல. நீங்களாவது சொல்லுவீங்கன்னு வந்தேன்."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா."

தமிழ்வாணனைப் பற்றி அன்று அவன் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

"அவரும் இப்பிடித்தாண்ணா சத்தியம் பண்ணுவாரு," என்றாள்.

மீனை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கரையேறினாள்.