துணி ரூமின் புதிய அதிகாரி

"நான் கூப்பிடும்போது வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, என் கணவர் துணி ரூமின் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வெளியே நின்றேன். என் வீட்டில், என் துணி ரூமுக்கு முன்னால், மனு கொடுக்க வந்தவள் மாதிரி.

அதை ரூம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். வாஷிங் மெஷின், ஒரு தொட்டி, ஒரு அலமாரி, குறுக்கே ஒரு கொடி. இரண்டு பேர் உள்ளே போனால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே எதையோ நகர்த்தும் சத்தம். ஆணி அடிக்கும் சத்தம். நடுவில் ஒரு விசில்.

விசில்! நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து மாதமாக அந்த மனிதர் வாயிலிருந்து 'ம்' தவிர எதுவும் வரவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். இருபத்தேழு வருடம் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எந்த நட்டு எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கடைசி நாளில் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்து, சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அவ்வளவுதான்.

தாடி வளர்ந்தது. சாப்பாடு பாதியோடு நின்றது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏதாவது வேலையில் ஈடுபடுத்துங்கள் என்றார். சொல்லிவிட்டார் சுலபமாக. செடி வளர்க்கலாமே என்றேன். 'ம்.' உங்கள் சிநேகிதர் போன் செய்கிறாரே என்றேன். 'ம்.' கெஞ்சினேன். ஒருநாள் கத்தியும் பார்த்தேன். மனிதர் இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அப்புறம்தான் போன செவ்வாய்க்கிழமை வந்தது. என் நச்சரிப்பு தாங்காமல் குளித்தவர், சொட்டச் சொட்ட வெளியே வந்து துண்டைத் தேடினார். துணி ரூமில் இருக்கிறது என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

முழங்கால் உயரத்துக்குத் துணி. துவைத்ததும் துவைக்காததும் ஒரே குவியல். சோப்புத் தூள் பாக்கெட் நாலு. நாலும் பிரித்தது, நாலிலும் பாதி. கிளிப்புகள் தொட்டிக்குள். இஸ்திரிப் பெட்டியின் மேல் ஓர் ஈரச் சட்டை.

"என்ன இது? ஒரு ஒழுங்கு வேண்டாமா? இப்படிப் போட்டு வச்சா அவசரத்துக்கு ஒரு சாமான் கைக்குக் கிடைக்குமா?"

ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் முழுப் பேச்சு. மொத்தமும் திட்டு. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். போட்டு வைத்தது நான்தானே. கண்ணில் தண்ணீர் முட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இடுப்பில் ஈரத்துணியோடு அப்போதே குனிந்தவர்தான். இன்றோடு நாலு நாள் ஆகிறது.

கதவு திறந்தது. "இப்ப வா."

முகத்தை மழுங்க மழித்திருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளைக்கு ஒரு கூடை, கலருக்கு ஒன்று, கனத்த துணிக்கு ஒன்று. மூன்றிலும் நூல் கட்டி அட்டை தொங்கியது. சோப்புத் தூள்கள் வாங்கிய தேதிப்படி வரிசையில் நின்றன. பழசு முன்னால், புதுசு பின்னால். கிளிப் டப்பாவின் மேல், 'இருப்பு 62, உடைந்தது 3' என்று எழுதியிருந்தார். இஸ்திரிப் பெட்டிக்குச் சுவரில் தனி இடம். கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டும் பென்சிலும் தொங்கின. சோப்புத் தூள் எடுப்பவர்கள் எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நானுமா?"

"யாரா இருந்தாலும்தான்."

'கழிவு' என்று எழுதிய பெட்டிக்குள் என் பழைய நைட்டி கிடந்தது. எடுத்தேன். பிடுங்கினார். நான் திரும்பப் பிடுங்கினேன். கடைசியில் அதற்கும் கையெழுத்துப் போட்டுத்தான் மீட்டேன்.

இருபத்தேழு வருட சர்வீஸ் சும்மாவா என்றேன். அவருடைய தோள் இரண்டும் நிமிர்ந்தன. ஐந்து மாதமாகக் காணாமல் போயிருந்த என் வீட்டுக்காரர் அந்த ரூம் நடுவில், தலையில் கொடி இடிக்க நின்றுகொண்டிருந்தார். கட்டிப் பிடித்திருப்பேன். அதற்கு இடமில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சரியா வரல" என்று நெற்றியைச் சுருக்கினார்.

கொடியைக் காட்டினார். அவர் கம்பெனிக்குப் போட்டுப் போன சாக்ஸ், மொத்தம் பதினொன்று. பதினொன்றும் ஒற்றை.

ஸ்டோரில் ஒரு வாஷர் குறைந்தாலும் வீட்டுக்கு வரமாட்டாராம். நாளைக்குக் காலையில் மெஷினை இழுத்துப் பார்க்கிறாராம். அப்புறம் சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில். டார்ச்சை எடுத்து வைக்கச் சொன்னார். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே போய், இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவும் நேரத்தில் நான் படுக்கையறைக்குப் போய் என் பீரோவைத் திறந்தேன்.

புடவைகளுக்கு அடியில் அந்தச் சின்ன மூட்டை பத்திரமாக இருந்தது. எந்தச் சாமானையும் இருட்டில்கூட எடுக்கிற மாதிரி நான் வைத்திருந்த துணி ரூம் அது. அதை அப்படிக் குலைத்துப் போட எனக்கு முழுசாக மூன்று நாள் பிடித்தது.

ஒரே ஒரு சாக்ஸை மட்டும் உருவி, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளினேன்.

இன்னும் பத்து இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று போதும்.