அரக்குச் சிவப்புக் கோடு

எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று மெக்கானிக் கைகாட்டினான்.

அவள் அணைக்கவில்லை. வழக்கம்போல அதுவே விக்கி அணைந்தது.

"என் கால்தாங்க சரியில்லை" என்றாள், அவன் கேட்காமலே. "கிளட்சை விடத் தெரியலை எனக்கு."

அவன் குனிந்து அவள் காலடியைப் பார்த்தான்.

"நீங்க கிளட்ச் மேல காலையே வைக்கலீங்களேக்கா."

அவளும் பார்த்தாள். இரண்டு பாதமும் கீழே விரித்த மிதியடி மேல் சும்மா இருந்தன. செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள்.

பள்ளிபாளையம் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து இந்தப் பட்டறைக்குள் தள்ளிவிட்டார்கள். இல்லாவிட்டால் அவள் ஏன் வேறு பட்டறைக்கு வரப்போகிறாள்? அவள் புருஷன் பூபதியே மெக்கானிக். எந்த ஊரில் படுத்த வண்டியும் அவன் கை பட்டால் எழுந்து ஓடும். பெண்டாட்டியின் டாக்சி மட்டும் எழுந்திருக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளோடு ஒருநாள் ரயில்வே கேட்டுக்குள், தண்டவாளத்தின் மேலேயே நின்றது.

கேட்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்து தள்ளினார். பின் சீட்டில் ஒரு குழந்தை அவள் முந்தானையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் வேனில் போனார்கள். அந்தத் தாய்மார்கள் கடைவீதியில் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொலைகாரி என்றே தன்னை நினைத்துக்கொண்டாள்.

பூபதி ஸ்கேனர் வைத்துப் பார்த்தான். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது. உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சாரை மாற்றினான். வண்டி மறுபடி நின்றது. இன்னொன்று மாட்டினான். நின்றது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த நேரத்தில் சொன்னான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

நேற்று ராத்திரி, வண்டியை விற்றுவிடலாம் என்று அவளேதான் சொன்னாள். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி, இன்று சாயங்காலமே வாங்குகிற ஆட்களை வரச் சொல்லிவிட்டான். என்றும் இல்லாத திருநாளாய் அவள் தட்டில் இன்னொரு தோசையை எடுத்துப் போட்டான். அந்தத் தோசையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அசடு.

மெக்கானிக் மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னான். ஸ்ப்ரே டப்பாவை எடுத்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாய் நெடுக அடித்துக்கொண்டே வந்தான்.

ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் குப்பென்று ஏறியது.

மறுபடி அங்கேயே அடித்தான். மறுபடி ஏறியது.

"சென்சார் மேல தப்பே இல்லீங்க்கா. தன் வழியாப் போற காத்தை அது சரியாத்தான் அளக்குது. அதைத் தாண்டி இங்க ஒரு ஓட்டை. திருட்டுத்தனமா உள்ள வர்ற காத்து அதுக்கெப்படித் தெரியும்? பெட்ரோல் பத்தாம வண்டி நின்னுபோகுது."

அவள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல். பாதி வெளியே தெரிந்தது. மீதி, குழாயை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டிக்கு அடியில் போனது.

"வெடிச்சதில்லைங்க இது. பிளேடு போட்டது. பட்டியைக் கழட்டாம இங்க பிளேடு போகாது."

பட்டியின் திருகு மேல் அரக்குச் சிவப்பில் ஒரு மெல்லிய கோடு. திருகிலிருந்து பட்டி வரை, உடையாமல், ஒரே கோடாக.

அவளுடைய நெயில் பாலிஷ்.

முடுக்கிய திருகு ஒவ்வொன்றிலும் அப்படிக் கோடு இழுப்பது பூபதியின் பழக்கம். என் சீல் என்பான். இது உடையாமல் இருந்தால் எனக்கப்புறம் ஒருத்தனும் கை வைக்கவில்லை என்று அர்த்தம் என்பான். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே அவளிடம் கேட்டு வாங்கிய பாட்டில். அவளுக்கு அதில் பெருமை வேறு.

மெக்கானிக் திருகைத் திருப்பினான். கோடு இரண்டாக உடைந்தது.

ஒரு கல்யாணப் பந்தி அவள் நினைவுக்கு வந்தது. உனக்கென்னப்பா பூபதி, சம்சாரம் சம்பாதிக்குது, நீ கால் மேல் கால் போட்டுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பூபதியும் கூடச் சேர்ந்து சிரித்தான். மறுநாள் காலையில் அவனாகவே வண்டியைச் சர்வீசுக்கு எடுத்துப் போனான்.

தண்டவாளத்தில் நின்றது அதற்கப்புறம்தான்.

கூடம் கோணல்தான். கோணலாக்கியவன் வீட்டிலேயே இருந்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் குழந்தையின் பிடி மட்டும் முந்தானையில் அப்படியே இருந்தது.

புதுக் குழாய் ஏறியது. எஞ்சின் நிற்காமல், சீராக ஓடியது. டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து பூபதி போட்டு வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். திருகின் மேல் தன் கையாலேயே ஒரு கோடு இழுத்தாள். குனிந்து ஊதினாள்.

போன் அடித்தது. பூபதி. கொஞ்ச நாளாக அவன் எங்கே இருக்கிறாய் என்று கேட்பதில்லை. எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பான்.

அடித்து ஓயட்டும் என்று விட்டாள்.

மெக்கானிக் பழைய குழாயைக் குப்பையில் போடப் போனான்.

"போட்டுடாதீங்க" என்றாள். "சாயங்காலம் வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னால வைக்கணும்."